வல்லாரையும் வரப்பும்

சென்ற ஆண்டு மார்கழித் திங்களில், குடமுருட்டிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சங்க ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். அலுவல் முடிந்தபின் அங்கத்தினர் ஒருவர் என்னைத் தம் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, ஒரு மண்தொட்டியைப் பெருமிதத்துடன் காட்டினார். ஜெர்மனியில் பணிபுரியும் அவருடைய மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்தது 'லவேஜ்' என்னும் சமையல் மூலிகையின் விதை. விதைத்து மூன்று வாரம் சென்றபின் நாலைந்து முளைகள் தலைகாட்டியிருந்தன. தொட்டிக்குக் கீற்றால் நிழல் கட்டி, காலையும் மாலையும் நீர் தெளித்து, வீட்டார் அதனைக் கைக்குழந்தைபோல் பேணிவந்தார்கள்.

சித்திரையில் மீண்டும் அவ்வூருக்குச் செல்ல நேர்ந்தது. தொட்டி வெறுமையாக இருந்தது. வெயில் முற்றியதும் செடிகள் ஒவ்வொன்றாக வாடி மடிந்துவிட்டனவாம். ஆனால் என் கண்ணிற் பட்டது வேறொன்று. கைப்பம்பின் அடியில், நீர் கசிந்து ஊறிய நிலத்தில், எவரும் விதைக்காமலும் எவரும் நிழல் கட்டாமலும் வல்லாரை பச்சைப்பசேலெனப் படர்ந்திருந்தது. அதைப்பற்றிக் கேட்டேன். "அது கிடக்குதுங்க ஐயா, தானா முளைக்கிற பூண்டு" என்றார். அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

லவேஜைப் பழிப்பது என் நோக்கமன்று. ஐரோப்பியர் நெடுங்காலமாகத் தம் வீட்டுத் தோட்டங்களில் போற்றி வளர்த்துவரும் செடி அது. கொத்தமல்லியையும் செலரியையும் போன்ற இலை; ஆளுயரத்துக்கும் மேலாக வளரும் தண்டு; ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் வேர். பண்டை ரோமானியரின் சமையல் முறைகளைத் தொகுத்துரைக்கும் அபிசியஸ் என்ற நூலில் இம்மூலிகை அடிக்கடி இடம்பெறுகிறது. பனிக்காலத்தில் மேற்பகுதி முழுவதும் பட்டுப்போய், வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பது அதன் இயல்பு. உறங்குவதற்கு வேண்டிய குளிரைத் தஞ்சைத் தரணி அதற்கு எவ்வாறு அளிக்க இயலும்? நம் சித்திரை வெயிலில் அது மடிந்தது செடியின் குற்றமுமன்று, வளர்த்தவரின் குற்றமுமன்று.

அச்செடியின் வரலாற்றில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஜெர்மானிய மொழியில் அதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'மேகிப் பூண்டு' என்பதாகும். நம் கடைகளில் நூடுல்ஸ் பொட்டலத்தின்மேல் காணும் அதே மேகிதான். ஸ்விட்ஜர்லாந்தைச் சேர்ந்த ஜூலியஸ் மேகி என்பாரின் நிறுவனம் 1886-ஆம் ஆண்டில் சுவையூட்டும் சாறு ஒன்றைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. அச்சாற்றின் மணம் லவேஜின் மணத்தை ஒத்திருந்ததால், மக்கள் நாளடைவில் தம் தோட்டத்துச் செடிக்கே அந்தப் புட்டியின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அச்சாற்றில் லவேஜ் சேர்வதில்லை என்பது இதில் விந்தை. முற்றத்தில் நிற்கும் இலைக்குக் கடையில் நிற்கும் புட்டி பெயர் தந்துவிட்டது. மக்கள் தம் கையிலுள்ள பொருளின் மதிப்பை மறக்கும்போது, அதன் பெயரைக்கூடப் பிறர் எடுத்துக்கொள்வர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் இது நடைபெறாமல் இல்லை. வல்லாரை இன்று மாத்திரையாகவும் பொடியாகவும் முகப்பூச்சாகவும் அழகிய அட்டைப்பெட்டிகளில் நகரக் கடைகளுக்கு வருகிறது. அதே வேளையில், அது இயல்பாக விளையும் வரப்பின்மீது நாம் களைக்கொல்லியைத் தெளித்துக்கொண்டிருக்கிறோம். பெட்டியிலிருந்தால் மூலிகை, வரப்பிலிருந்தால் களை! இந்த முரண்பாட்டைத்தான் அங்கத்தினர்கள் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டுமென வேண்டுகிறேன்.

லவேஜும் வல்லாரையும் முற்றிலும் அந்நியமானவை அல்ல. தாவர நூலார் லவேஜ், கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் ஆகியவற்றோடு வல்லாரையையும் ஒரே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயருள் சிலர் நம் ஓமத்தையே 'லவேஜ்' என்று அழைத்ததுமுண்டு. குளிர் நாட்டார்க்கு லவேஜ் எவ்வாறு கொல்லைப்புறத்துச் செல்வமோ, அவ்வாறே நீர் வளமிக்க காவிரிப் படுகைக்கு வல்லாரை. நிழலும் ஈரமும் உள்ள வாய்க்கால் கரை, வயல் வரப்பு, குளக்கரை, கிணற்றடி ஆகியவையே அதன் பிறப்பிடம்.

நம்மினும் இதை நன்கு போற்றுபவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் உணவில் வல்லாரைச் சம்பல் அன்றாடப் பண்டங்களுள் ஒன்று. சிங்கள மக்கள் இதனைக் 'கொட்டுக்கொல' என்று அழைத்து, பச்சையாக அரிந்தும், அரிசிக் கஞ்சியில் இலைச்சாறு சேர்த்துக் காலை உணவாகவும் உண்கிறார்கள். அங்கே அது சந்தையில் கட்டுக்கட்டாக விலைபோகும் கீரை. நம் ஊர்களிலோ, பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி வேண்டி இரண்டொரு நாள் தேடப்படும் இலையாக அது சுருங்கிவிட்டது.

ஞாபகசக்தியைப் பற்றிய இந்த நம்பிக்கையைக் குறித்தும் ஒரு வார்த்தை. வல்லாரையிலுள்ள சில பொருள்கள் புண் ஆறுவதற்குத் துணைபுரிகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. நினைவாற்றலை வளர்க்கும் என்பதற்கு அத்தகைய உறுதியான சான்று இன்னும் கிடைத்திலது. அன்றியும், வல்லாரை மாத்திரைகளைப் பல வாரங்கள் தொடர்ந்து உண்ட சிலர்க்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2005-ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் செய்தி வெளியாயிற்று. ஆகவே இதனை மருந்தாக எண்ணி அளவின்றி உண்ணவேண்டா. வாரத்தில் ஓரிரு நாள் உண்ணும் கீரையாகக் கொள்வதே முறை. கருவுற்ற மாதரும், நோய்க்கு மருந்துண்பவரும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சங்கத்தில் இருப்புச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மூட்டை யூரியா, எத்தனை புட்டி களைக்கொல்லி, எவ்வளவு விற்பனை, எவ்வளவு மிச்சம் என்று பதிவேட்டையும் கிடங்கையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். விவசாயக் கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டி வாயிற்படியருகே வந்து நின்றார். அவர் சங்கத்தின் அங்கத்தினரல்லர். எதையும் வாங்க வந்தவருமல்லர்.

"தம்பி, இந்த வாரம் எந்தெந்த வரப்புல மருந்து அடிச்சிருக்காங்க? தெரிஞ்சா சொல்லுங்க. கீரை பறிக்கணும்" என்று காரியதரிசியைக் கேட்டார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? வாங்கிட்டுப் போறதுதான் தெரியும். எங்கே அடிக்கிறாங்கன்னு யார் கண்டா?" என்றார் காரியதரிசி.

மூதாட்டி ஒன்றும் கூறாமல் சென்றுவிட்டார். காரியதரிசி சொன்னதில் பிழையில்லை. அவர் மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. ஆயினும் எனக்கு எழுதுகோல் ஓடவில்லை. என் எதிரே விரிந்து கிடந்த பதிவேட்டில் ஒரு புட்டிகூடக் கணக்கிலிருந்து தப்பியிருக்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் விடை இல்லை. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ சங்கங்களில் இதே பதிவேட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று நானும் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன்.

அந்த அம்மையார் கேட்டது வெறும் ஐயமன்று. வரப்புகளில் அதிகமாகத் தெளிக்கப்படும் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள் செடியை உடனே கருக்கிவிடுவதில்லை. இலையின் வழியாக உட்சென்று வேர்வரை பரவிய பின்னரே செடி மஞ்சளித்து மடிகிறது. அதற்குச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அந்த இடைக்காலத்தில் இலை பசுமையாகவே காட்சியளிக்கும். எத்தனை ஆண்டு அனுபவமுள்ள கண்ணாலும் மருந்து பட்ட வல்லாரையைப் படாத வல்லாரையினின்று பிரித்தறிய இயலாது. கேட்டறிவதொன்றே வழி. கேட்கச் சென்ற இடத்தில் விடையில்லை என்றால் அவர் என்ன செய்வார்? ஒன்று, துணிந்து பறித்துச் செல்வார். அல்லது பறிப்பதையே விட்டுவிடுவார். இரண்டும் நஷ்டமே.

கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கென உரிமம் பெற்றவர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. மனிதர்க்கும் கால்நடைக்கும் நேரக்கூடிய கேட்டைக் கருதியே அவ்வாறு செய்தது. அரசாங்கமே இவ்வளவு எச்சரிக்கை காட்டும் ஒரு பொருளை, கீரை படரும் வரப்பில் கைத்தெளிப்பானைக் கொண்டு மனம்போல் தெளிப்பது அறிவுடைமையாகுமா?

ஒரு கைப்பிடிக் கீரைக்காக இத்தனை பேச்சா என்று சிலர் வினவலாம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகை உடையவர்கள். வல்லாரை ஒன்றே இக்குறையைப் போக்கிவிடும் என்று நான் கூறவில்லை; அது பொய்யுரையாகும். ஆனால் பொன்னாங்கண்ணி, வல்லாரை, ஆரைக்கீரை, மணத்தக்காளி ஆகிய வரப்போரத்துக் கீரைகள் ஏழைக் குடும்பத்தின் சோற்றுக்குப் பச்சைக் காய்கறியாகக் காலங்காலமாக இருந்துவந்தன. களையெடுக்கச் சென்ற பெண்கள் மாலையில் மடி நிறையக் கீரையோடு வீடு திரும்பியதை நம்மில் முப்பது வயது கடந்தோர் கண்டிருப்போம். அதற்கு எவரும் விலை கேட்டதில்லை. எந்த மிராசுதாரரும் தடுத்ததில்லை. நிலம் ஒருவருக்கு உரியதாயினும் வரப்புக் கீரை ஊருக்கு உரியது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. களைக்கொல்லி வந்தபின் கூலி வேலையும் குறைந்தது, மடிக்கீரையும் மறைந்தது. ஒரே புட்டி இரண்டையும் பறித்துக்கொண்டது.

விவசாயிகளின் தரப்பில் நியாயம் இல்லை என்று நான் கருதவில்லை. ஆள் பற்றாக்குறையை நான் நன்கறிவேன். குறுவையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் உரிய நேரத்தில் ஆள் கிடைக்காமல் தவிக்கும் அங்கத்தினர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். நேரடி விதைப்பு செய்த வயலில் களைக்கொல்லியின்றிப் பயிரைக் காப்பது எத்துணைக் கடினம் என்பதும் தெரியும். ஆகவே வயலுக்குள் தெளிப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வயல் வேறு, வரப்பு வேறு என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். வயலில் களை பயிரோடு போட்டியிடுகிறது. வரப்பில் எந்தப் பயிரோடு போட்டி?

"வரப்பைச் சுத்தமாக வைக்காவிட்டால் எலி அடையுமே" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். டெல்டா விவசாயிக்கு எலியைவிடப் பெரிய பகைவன் இல்லை. உயர்ந்து வளரும் புல்லும் கோரையும் எலிக்கு மறைவிடமாகும் என்பதும் உண்மையே. அவற்றை அரிவாளால் அறுத்துவிடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். வல்லாரையோ தரையோடு தரையாகப் படர்வது. எலிக்கு மறைவு தராது. அன்றியும், கணுவுக்குக் கணு வேர்விட்டு வரப்பு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். களைக்கொல்லியால் மொட்டையான வரப்பு ஐப்பசி கார்த்திகை மழையில் கரைந்து வாய்க்காலில் இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிறகு வரப்புக் கட்ட ஆள் தேடுவதும் நீங்களேதான்.

சங்கங்கள் இதில் என்ன செய்யக்கூடும்? பணச் செலவின்றிச் செய்யத்தக்க மூன்று காரியங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒரு கரும்பலகை. களைக்கொல்லி வாங்கும் அங்கத்தினர் தாம் தெளிக்கப்போகும் வயலின் பெயரையும் நாளையும் காரியதரிசியிடம் கூறவேண்டும். வாயிலிலுள்ள பலகையில் அது எழுதப்பட்டு, அந்தப் பருவம் முடியும்வரை அழிக்கப்படாமல் இருக்கவேண்டும். நம் வயல்கள் ஒவ்வொன்றுக்கும் ஊரறிந்த பெயர் உண்டாதலால் சர்வே எண் வேண்டியதில்லை. படிக்க அறியாதவர்க்குக் காரியதரிசி வாசித்துச் சொன்னால் போதும். அன்று அந்த மூதாட்டி கேட்ட கேள்விக்கு அப்போது விடை இருக்கும்.

இரண்டாவது, விலக்கு வரப்பு. பெரிய வாய்க்காலை ஒட்டிய வரப்பையும், ஊரார் நடந்து செல்லும் வரப்பையும் எவரும் மருந்து தெளிக்காத வரப்புகளாகப் பொதுப் பேரவையில் தீர்மானித்துக்கொள்ளலாம். ஒருவர் தெளித்து மற்றொருவர் தெளிக்காமலிருந்தால் பயனில்லை. கூடிச் செய்தால்தான் பயன், அதற்குத்தானே கூட்டுறவு?

மூன்றாவது, நாற்று வழங்குதல். வல்லாரை நன்கு படர்ந்துள்ள அங்கத்தினர் வீட்டுக் கொல்லையிலிருந்து வேர்விட்ட கணுக்களை எடுத்து, விரும்புவோர்க்குச் சங்கத்தின் மூலம் கொடுக்கலாம். சங்கக் கிடங்கின் ஓரத்தில் மட்டும் பாத்தி போடவேண்டா; உரமும் மருந்தும் சிந்தும் இடம் அது.

கீரை விவகாரம் சங்கத்தின் வேலையா என்று கேட்போர்க்கு, கூட்டுறவின் பிறப்பையே விடையாகக் கூறுவேன். 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் ஒன்றுகூடிக் கடை திறந்தார்கள். அன்று அவர்கள் விற்ற சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி ஆகியவையே. கலப்படமற்ற உணவு தம் அடுப்படிக்கு வரவேண்டும் என்பதே அவர்களுடைய முதற் கவலை. நம் மாநிலத்திலும் 1904-இல் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் வீட்டுக்கு வேண்டிய மளிகைப் பண்டங்களுக்காகவே எழுந்தது. ஆக, கூட்டுறவு பிறந்தது கஜானாவில் அன்று, சமையலறையில். சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் 1995-ஆம் ஆண்டில் வகுத்த ஏழு கொள்கைகளுள் இறுதியானது சமுதாய அக்கறை. அங்கத்தினர் அல்லாத ஒரு மூதாட்டி நம் வாயிற்படியில் நின்று கேட்ட கேள்விக்கு விடையளிப்பது அக்கொள்கையில் அடங்கும் என்றே நான் துணிகிறேன்.

நெசவாள அங்கத்தினர்க்கும் இதில் பங்கு உண்டு. திருபுவனம், தாராசுரம், அய்யம்பேட்டை போன்ற ஊர்களில் தறியோடு வாழும் குடும்பங்களுக்கு வயலும் வரப்பும் இல்லை. நாள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்து கண்ணையும் காலையும் தேய்க்கும் அவர்களுக்குப் பச்சைக் காய்கறி அனைத்தும் விலைக்குத்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பின்கட்டில் சிறிது நிழலும் நீரும் உண்டு. வல்லாரைக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் உறுதியாக நினைவிற் கொள்க: சாயக் கழிவுநீர் செல்லும் இடத்தில் வல்லாரையை வளர்க்கலாகாது. மண்ணிலும் நீரிலுமுள்ள உலோக நச்சுகளை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. அதே காரணத்தால் நகரச் சாக்கடையோரத்தில் செழித்திருக்கும் வல்லாரையையும் பறிக்கவேண்டா. தொட்டியும் நல்ல மண்ணும் குடிதண்ணீரும் போதும். உழவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் அருகருகே உள்ள ஊர்களில், மருந்து படாத வரப்புக் கீரையை வாரம் ஒருநாள் கட்டாகக் கட்டி நெசவாளர் தெருவில் விற்கும் ஏற்பாட்டையும் மகளிர் குழுக்கள் செய்யலாம். பறிப்பவர்க்குச் சில்லறை வருமானம். வாங்குபவர்க்கு நம்பத்தக்க கீரை.

வளர்க்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். வல்லாரையை விதையிட்டு வளர்க்கத் தேவையில்லை. படர்கொடியில் வேர்விட்ட கணுக்களை இரண்டு மூன்று இலைகளோடு கிள்ளி எடுத்து, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றவேண்டும். வண்டல் மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்த மண் ஏற்றது. ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டியே சிறந்தது; உடைந்த பானையின் அடிப்பாகமும் ஆகும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வேண்டும். மண் என்றும் ஈரமாயிருக்கவேண்டும், ஆனால் நீர் தேங்கலாகாது. சோப்பு நீரை விடவேண்டா. இரண்டு மூன்று மாதத்தில் பறிக்கத் தொடங்கலாம். வேரோடு பிடுங்காமல் முற்றிய இலைகளைக் காம்போடு கிள்ளினால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படும் வரையுள்ள வறண்ட மாதங்களில் வாய்க்கால் கரையில் இது கருகிவிடும். வீட்டுத் தொட்டியில் ஒரு பிடி இருந்தால், தண்ணீர் வந்ததும் அதிலிருந்தே வரப்புக்கு நாற்று எடுக்கலாம்.

பறிக்கும்போது இனமறிந்து பறிக்கவேண்டும். வல்லாரை இலை சிறுநீரக வடிவில் இருக்கும். காம்பு சேரும் இடத்தில் ஆழ்ந்த பிளவு காணப்படும். நீர்நிலை ஓரங்களில் அதனை ஒத்து வளரும் வேறொரு பூண்டின் இலை முழுவட்டமாக, குடையைப்போல் நடுவில் காம்பு பொருந்தியிருக்கும். அது வல்லாரையன்று.

சமைக்குமுன் இலையைப் பலமுறை நல்ல நீரில் அலசி, உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் சிறிதுநேரம் இட்டு எடுக்கவேண்டும். ஈரநிலத்துக் கீரையாதலால் இதில் சோம்பல் கூடாது. துவையலுக்கு, நால்வர் உள்ள குடும்பத்திற்கு இரண்டு கைப்பிடி இலை போதும். இரண்டு தேக்கரண்டி உளுத்தம்பருப்பையும் மூன்று நான்கு வற்றல் மிளகாயையும் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துக்கொண்டு, அதே வாணலியில் இலையை வாடும்வரை மட்டும் வதக்கவேண்டும். நெல்லிக்காயளவு புளி, ஒரு பிடி தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்து அரைத்தால் இலையின் துவர்ப்பும் கசப்பும் அடங்கிச் சோற்றுக்கு இதமான துவையல் ஆகும். பாசிப்பருப்போடு கூட்டாகவும் செய்யலாம். பருப்பு வெந்தபின் இறுதியில் இலையைச் சேர்ப்பது நலம். யாழ்ப்பாணத்து முறையில் சம்பல் செய்ய அடுப்பே வேண்டியதில்லை. இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசறி, எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால் போதும். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள எலுமிச்சையின் புளிப்பும் துணைசெய்கிறது. உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். தேநீரைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பச்சையாக உண்பதற்கு உங்கள் வீட்டுத் தொட்டி இலையையே பயன்படுத்துங்கள்.

சங்கத்தின் ஐந்தொகையில் வல்லாரைக்கு இடமில்லை. அதற்கு விலையில்லை, விலையில்லாததைச் சொத்தென்று எழுதக் கணக்குமுறை இடங்கொடுப்பதில்லை. நாமும் கணக்கில் வராததை இல்லாததாகவே எண்ணிப் பழகிவிட்டோம். களைக்கொல்லிக்கு ரசீது உண்டு, அதனால் அது வரவு செலவில் தெரிகிறது. மூதாட்டியின் மடியிலிருந்து நழுவிய கீரைக்கு ரசீது இல்லை, அதனால் அந்த நஷ்டம் எங்கும் பதிவாகவில்லை. பதிவேட்டைச் சரிபார்ப்பது என் அலுவல். அதிலில்லாத நஷ்டத்தைச் சுட்டிக்காட்டுவதும் என் கடமையென்று அன்று உணர்ந்தேன்.

குடமுருட்டிக் கரையின் அந்த அங்கத்தினரைச் சென்ற மாதம் சந்தித்தேன். லவேஜ் மடிந்த அதே தொட்டியில் இப்பொழுது வல்லாரை ஊன்றியிருக்கிறார். மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது துவையல் அரைத்துக் கொடுப்பதாக இருக்கிறார்களாம். வெண்ணாற்றுப் பக்கத்துச் சங்கத்தில் கரும்பலகை இன்னும் வரவில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்ப்பதாக நிர்வாகக் குழுத் தலைவர் வாக்களித்திருக்கிறார். உங்கள் சங்கத்தின் பேரவைக் கூட்டம் எந்நாள் என்று பார்த்து, இதே தீர்மானத்தை ஒரு தாளில் எழுதிக் காரியதரிசியிடம் கொடுங்கள். ஒரு பலகை, ஒரு சுண்ணாம்புக் கட்டி, இவ்வளவே செலவு.